பாலுக்கு வந்த சோறு

வரலாற்றுத் தொடர்: அத்தியாயம் 6

சென்ற வாரம் 1942 மார்ச் 8ஆம் திகதியில் நிறுத்தியிருந்தோம். ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்துவிட்டது. இலங்கைக்குச் சோறு போட்டுவந்த பர்மா அரிசிக்கு வழி அடைபட்டது. எட்டியாந்தோட்டை, தெரணியகல, ருவான்வெல்ல, புளத்கொஹுபிட்டிய என்று கேகாலை மாவட்டம் நெடுகிலும் கிடந்த இறப்பர்த் தோட்டத்து லயங்களில் இனி அடுப்பில் ஏறப்போவது என்ன என்று கேட்டு முடித்தேன்.

ஏறியது ரொட்டிக் கல்.

தமிழ்நாட்டிலிருந்து ஆள் திரட்டிய காலந்தொட்டு அரிசியைத் தோட்டமே கொடுத்தது. விலையைச் சம்பளத்தில் பிடித்துக்கொண்டது. ஊரில் கேழ்வரகும் கம்பும் தின்று வளர்ந்தவருக்கும் இங்கே வந்தபின் அரிசிதான் உணவு, அரிசிதான் கடன். யுத்தம் அந்தப் பழைய கணக்கைக் குலைத்தது. பங்கீட்டுப் புத்தகம் வந்தது. கூப்பனுக்குக் கொஞ்சம் அரிசி, குறைக்குக் கோதுமை மா. தேங்காய்ப்பூவும் உப்பும் போட்டுப் பிசைந்து தட்டிய ரொட்டி, பக்கத்தில் ஒரு சம்பல். மலையகத்தின் காலைச் சாப்பாடு என்று நாம் உரிமையோடு சொல்லும் அந்த ரொட்டி இவ்வளவு ஆழமாக வேரூன்றியதில் யுத்தகாலக் கூப்பனுக்குப் பெரிய பங்கு உண்டு என்றே நான் எண்ணுகிறேன்.

ஆனால் அதே யுத்தம் இன்னொரு கதவைத் திறந்தது. சிங்கப்பூர் 1942 பெப்ரவரி 15இல் வீழ்ந்தது. மலாயாவும் ஜாவாவும் போயின. உலகின் இறப்பரில் மிகப் பெரும் பங்கு ஒரு சில மாதங்களில் ஜப்பான் வசமானது. நேசநாடுகளிடம் எஞ்சிய பெரிய இறப்பர் நிலம் இலங்கை. விமானச் சில்லுக்கும் லொறிச் சில்லுக்கும் இறப்பர் வேண்டும், அதுவும் உடனே வேண்டும் என்று கேட்டார்கள். வயதேறிய மரங்களைக் கொலைவெட்டு வெட்டும்படி தோட்டங்களுக்குச் சொல்லப்பட்டது. ஒரு மரத்தில் ஒரு வெட்டு என்ற ஒழுங்கை விட்டு, மேலும் கீழுமாகப் பல வெட்டு; கைக்கு எட்டாத உயரத்தில் ஏணி வைத்து வெட்டு. மரம் சாகும்வரை பால் எடுப்பது.

மரங்கள் செத்தன. காயத்தால் மட்டுமா செத்தன? இல்லை. அவை பட்டினியாலும் செத்தன. கேகாலையின் அந்தக் கொழுத்த மண்ணில், ஆண்டு முழுக்கப் பெய்யும் மழையில் நின்ற மரத்துக்குப் பட்டினி எப்படி வந்தது?

*

அதற்குப் பட்டைக்குள் போக வேண்டும்.

காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக் கலைந்ததும் பால் வெட்டுபவர் தன் நிரைக்கு ஓடுவார். வெயில் ஏறுமுன் வெட்ட வேண்டும். காற்று குளிர்ந்து, இலை நீரை இழக்காமல் இருக்கும் வேளையில்தான் பட்டைக்குள் அமுக்கம் கூடி நிற்கும். இடப்பக்கம் உயர்ந்து வலப்பக்கம் தாழ்ந்த சாய்வில், மரத்தின் பாதிச் சுற்றளவுக்கு, மெல்லிய சீவல் ஒன்றைக் கத்தி எடுக்கிறது. வெள்ளைக் கோடு துளிர்க்கிறது. சிரட்டைக்குள் சொட்டு விழத் தொடங்குகிறது. இதில் கைத்திறன் முழுவதும் ஆழத்தில் இருக்கிறது. ஆழம் குறைந்தால் பால் இல்லை. பட்டைக்கும் கட்டைக்கும் நடுவே உள்ள மாறிழையத்தைக் கத்தி தொட்டுவிட்டால் அந்த இடத்தில் பட்டை முடிச்சு முடிச்சாக வளர்ந்து, பிறகு வெட்டவே ஆகாது. இரண்டுக்கும் நடுவே ஒரு மில்லிமீற்றர் அளவுக்குத்தான் இடம். பள்ளிக்கூட வாசல் மிதிக்காத ஆயிரமாயிரம் பெண்களும் ஆண்களும் அந்த ஒரு மில்லிமீற்றரை விரல் நுனியில் அறிந்திருந்தார்கள்.

மென்பட்டையில் இரண்டு வகைக் குழாய்கள் அடுத்தடுத்து ஓடுகின்றன. ஒன்று பால் குழாய். மற்றது உரியம். உரியத்தில் ஓடுவது சீனிக் கரைசல். நாம் தேநீரில் போடும் சீனியும் அதுவும் ஒரே பொருள்தான்: சுக்குரோசு. இலையில் பிறந்து, கிளை வழியாக இறங்கி, வேர்வரை போய் மரத்தின் ஒவ்வொரு கலத்துக்கும் அது சோறு போடுகிறது.

இலை அதை எதிலிருந்து செய்கிறது? காற்றிலுள்ள காபனீரொட்சைட்டு, வேர் ஏற்றிவிட்ட நீர், மேலே விழும் வெயில். இவ்வளவு எளிய சரக்கிலிருந்து சீனி எப்படிப் பிறக்கிறது என்பதை மனிதன் அறிந்ததே நம் கதை நடக்கும் காலத்தில்தான். கலிபோர்னியாவின் பேர்க்லியில் மெல்வின் கல்வின், அன்ட்ரூ பென்சன், ஜேம்ஸ் பாசம் ஆகியோர் கதிரியக்கக் காபனைப் பச்சைப் பாசிக்கு ஊட்டினார்கள். சில விநாடி வெளிச்சம் காட்டி, கொதிக்கும் மதுசாரத்தில் பாசியைக் கொன்று, அந்தக் காபன் எந்தப் பொருளில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று தாளில் பிரித்துப் பார்த்தார்கள். 1950களின் முதற் சில ஆண்டுகளில் அந்தப் பாதை தெளிவானது. கல்வினுக்கு 1961இல் நொபெல் பரிசு கிடைத்தது.

இனிப் பட்டைக்கு வருவோம். உரியம் கொண்டுவரும் சுக்குரோசைப் பால் குழாய் தனக்குள் இழுத்துக்கொள்கிறது. நொதியம் ஒன்று அதைக் குளுக்கோசு, பிரக்டோசு என இரண்டாகப் பிளக்கிறது. அவை மேலும் உடைந்து இரண்டு காபன் கொண்ட சிறு துண்டுகளாகின்றன. அந்தத் துண்டுகள் மறுபடி கூடி ஐந்து காபன் அலகாகின்றன. அந்த அலகுகள் ஆயிரக்கணக்கில் ஒன்றன்பின் ஒன்றாய்ப் பிணைந்த நீண்ட தொடர்தான் இறப்பர். லண்டனில் மைக்கல் பரடே 1826இலேயே இறப்பரைப் பகுத்து, அதில் காபனும் ஐதரசனும் தவிர வேறொன்றும் இல்லை என்று கண்டிருந்தார். சீனி, மாப்பொருள் போன்ற காபோவைதரேற்றில் மூன்றாவதாக ஒட்சிசனும் இருக்கும். குளுக்கோசின் ஒரு மூலக்கூறில் 6 காபன், 12 ஐதரசன், 6 ஒட்சிசன். மரம் செய்யும் வேலையே அந்த ஒட்சிசனைக் கழற்றிவிடுவதுதான்.

கழற்றுவது இலவசமாக நடப்பதில்லை. இறப்பர் எரியும்போது வரும் வெப்பத்தையும் சீனி எரியும்போது வரும் வெப்பத்தையும் ஒப்பிட்டால், ஒரு கிராம் இறப்பர் செய்யக் குறைந்தது இரண்டரைக் கிராமுக்கு மேல் சீனி செலவாக வேண்டும் என்று தெரிகிறது. செலவான சீனி திரும்பாது. மரம் தன் உடம்பில் மாப்பொருளாகச் சேர்த்ததைத் தேவைப்படும்போது மீண்டும் சீனியாக்கிக்கொள்ளும். இறப்பரை அப்படித் திருப்பிச் சீனியாக்கும் வழி அதனிடம் இல்லை. அது காயத்தை அடைப்பதற்கும், பட்டையைத் துளைக்கும் பூச்சியின் வாயை ஒட்டுவதற்கும் மரம் வைத்திருக்கும் காவல். நாம் ஒன்றுவிட்டு ஒரு நாள் அந்தக் காயத்தைப் புதுப்பிக்கிறோம். மரமும் ஒன்றுவிட்டு ஒரு நாள் தன் சீனியை எடுத்துக் காயத்தை மூட முயல்கிறது.

கொலைவெட்டில் மரம் எதனால் செத்தது என்பதற்கு இதுதான் விடை. இலை உழைத்து அனுப்பிய சீனி மேலும் மேலும் காயங்களுக்கே போனது. தண்டின் கலங்களில் சேமித்திருந்த மாப்பொருளும் கரைந்தது. வேருக்கும் புதுத் தளிருக்கும் மிச்சம் போதவில்லை.

பால் குழாயிலிருந்து வரும் பாலிலும் கொஞ்சம் சீனி மிஞ்சியிருக்கும். தோட்டத்து ஸ்டோரில் வேலை செய்தவர்களுக்கு அது நன்றாகத் தெரியும், பெயர் தெரியாவிட்டாலும். பால் வாளி நேரத்தோடு ஸ்டோருக்கு வராமல் வெயிலில் கிடந்தால் பற்றீரியா அந்தச் சீனியைத் தின்று அமிலமாக்கிவிடும். பால் வாளியிலேயே திரிந்து கட்டியாகும். அமிலம் விட்டு உறைய வைத்து, உருளையில் தட்டையாக்கிய சீட்டைச் சரியாகக் கழுவாமல் புகையறையில் தொங்கவிட்டால் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணத்துக்கு இரை, கழுவப்படாமல் தங்கிய சீனியும் புரதமும்.

*

யுத்தம் 1945இல் முடிந்தது. அமெரிக்கா யுத்த அவசரத்தில் கட்டிய செயற்கை இறப்பர்த் தொழிற்சாலைகள் மட்டும் முடியவில்லை.

1946இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தைக் கிராம விரிவாக்கத்துக்கென்று அரசு எடுத்துக்கொண்டு, அங்கே வாழ்ந்த தொழிலாளரை வெளியேறச் சொன்னது. களனிவெளியும் கேகாலையும் வேலைநிறுத்தத்தில் கொதித்தன. அந்தக் கதையை முழுதாகச் சொல்ல ஒரு தனி அத்தியாயம் வேண்டும்; பின்னால் வருகிறது. இங்கே ஒன்றை மட்டும் குறித்துக்கொள்கிறேன். இரண்டே ஆண்டுகளில், 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் அந்த மக்களை நாடற்றவர் ஆக்கியது. 1949இல் வாக்கும் போயிற்று. 1952 மே மாதத் தேர்தலில் மலையகத் தமிழரில் மிகப் பெரும்பாலோருக்கு வாக்கில்லை.

மனிதரைப் பிரிக்கச் சட்டம் இப்படிக் கோடு கிழித்துக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில் ஆய்வுகூடங்கள் வேறொன்றைக் கண்டுகொண்டிருந்தன. ஏ வகை இரத்தத்துக்கும் பி வகை இரத்தத்துக்கும் உள்ள வேறுபாடு, செங்குருதிக் கலத்தின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் சீனித் தொடரின் நுனியில் நிற்கும் ஒரே ஒரு சீனி. 1953 ஏப்ரலில் வாட்சனும் கிரிக்கும் வெளியிட்ட டி.என்.ஏ. அமைப்பின் முதுகெலும்பிலும் ஐந்து காபன் சீனி ஒன்று விடாமல் வருகிறது. சீனி உயிரின் விறகு மட்டுமல்ல, உயிரின் எலும்பும் அடையாளமும் அதுதான். அந்த அடையாளத்தில் லயத்துக்கும் பங்களாவுக்கும் வேறுபாடு கிடையாது.

1950 ஜூனில் கொரியாவில் போர் மூண்டது. இறப்பர் விலை விண்ணுக்கு ஏறியது. கேகாலையில் பணம் புரண்டது. ஆனால் அமெரிக்கா இறப்பர் வாங்குவதை ஒரே அரசு முகவர் கையில் கொடுத்து, செயற்கை இறப்பரையும் பெருக்கியதும் விலை இறங்கத் தொடங்கியது. 1952இல் அரிசி விலையோ உலகெங்கும் ஏறிக்கொண்டே போனது. இலங்கை தின்ற அரிசியில் பாதிக்கு மேல் வெளியிலிருந்து வந்தது. 1952 மார்ச்சில் டீ. எஸ். சேனாநாயக்க இறந்து, மகன் டட்லி பிரதமரானார். விற்க வேண்டிய பொருளுக்கு விலை இல்லை. வாங்க வேண்டிய சோற்றுக்கு விலை எட்டவில்லை.

மா தின்று சமாளிக்க முடியாதா? யுத்தத்தில் சமாளித்தார்களே? அரிசிக்காக ஓர் அரசு ஏன் அமெரிக்க வல்லரசின் கோபத்தைத் தேட வேண்டும்?

*

இந்தக் கேள்விக்கு அரிசி மணிக்குள்தான் பதில் இருக்கிறது.

அரிசியில் ஏறக்குறைய நூற்றுக்கு எண்பது பங்கு மாப்பொருள். மாப்பொருள் என்பது குளுக்கோசுகளின் நீண்ட தொடர். கிளை விடாமல் சுருளும் தொடர் அமைலோசு. கிளை கிளையாகப் பிரிவது அமைலோபெத்தின். அமைலோசு கூடிய அரிசி உதிரிச் சோறாகும். அமைலோபெத்தின் மிகுந்தது குழைந்து ஒட்டும். உலை கொதிக்கும்போது மாமணிகள் நீர் உறிஞ்சி வீங்கி, இறுகிய தொடர்கள் அவிழ்ந்து, வாயிலும் குடலிலும் உள்ள நொதியங்கள் நுழைய இடம் விடுகின்றன. சில மணி நேரத்தில் சோறு மறுபடி குளுக்கோசாகி இரத்தத்தில் கலக்கிறது. எஞ்சியதை ஈரலும் தசையும் கிளைக்கோசன் என்ற பெயரில், மாப்பொருளைவிட இன்னும் அடர்ந்த கிளைகளோடு, சேமித்து வைக்கின்றன. மூளைக்கு மட்டும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 120 கிராம் குளுக்கோசு வேண்டும். விடியலில் வெறும் வயிற்றோடு மலைச்சரிவில் ஏறி இறங்கி மரம் மரமாக ஓடும் உடம்பு, முந்திய இரவின் சோற்றை அந்தக் கிளைக்கோசனாகத்தான் செலவழிக்கிறது.

அவர்கள் வெட்டிய மரமும் அதே குளுக்கோசால் ஆனது. மரக்கட்டையில் ஏறக்குறைய பாதி செலுலோசு. பிரான்சின் அன்செல்ம் பயன் 1838இல் அதைப் பிரித்தெடுத்தபோது, மாப்பொருளுக்கும் அதற்கும் மூலச் சேர்க்கை ஒன்றாகவே இருந்தது. பிறகு எமில் பிஷர் 1891இல் குளுக்கோசில் அணுக்கள் எந்தப் பக்கம் நிற்கின்றன என்பதை நிறுவியபின், வேறுபாட்டைத் தேடும் வழி திறந்தது. மாப்பொருளில் குளுக்கோசுகள் எல்லாம் ஒரே முகமாகப் பிணைந்து சுருள்கின்றன. செலுலோசில் ஒன்றுவிட்டு ஒன்று தலைகீழாகத் திரும்பி நிற்பதால் தொடர் நேராக நீள்கிறது. பக்கத்துத் தொடரோடு இறுகக் கைகோத்து நாராகிறது. ஒரே மல்லிகையைச் சரமாகத் தொடுப்பதும் நெருக்கிக் கட்டுவதும் போலத்தான். பூ ஒன்று, கட்டு வேறு. அந்தக் கட்டை அவிழ்க்கும் நொதியம் மனிதக் குடலில் இல்லை. மாட்டின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்களிடம் உண்டு. எனவே தோட்டத்து மாடு புல்லில் வயிறு நிரப்பிக்கொள்ளும். தோட்டத்து மனிதர் கப்பலைப் பார்த்து நிற்க வேண்டும்.

கோதுமை மாவும் மாப்பொருள்தானே என்றால், ஆம், வயிற்றுக்கு இரண்டும் குளுக்கோசுதான். ஆனால் அரிசியிலே ஒரு வரலாறு இருக்கிறது. நம் மக்கள் தின்றுவந்தது புழுங்கல் அரிசி. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது உமிக்குக் கீழே தவிட்டில் இருக்கும் தயமின் என்ற விற்றமின் மணியின் உள்ளே இறங்கிவிடுகிறது; மாப்பொருளும் இறுகுகிறது. பிறகு தீட்டினாலும் தயமின் முழுதாகப் போவதில்லை. சீனியை எரித்துச் சக்தியாக்க உடம்புக்குத் தயமின் கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் சோறு வயிறு நிறைய இருந்தும் நரம்பும் இதயமும் நலியும். பெரிபெரி என்ற நோய் அது. மலாயாவில் பணியாற்றிய மருத்துவர் பிராடன், வெள்ளை அரிசி தின்ற சீனத் தொழிலாளரைப் பெரிபெரி கொன்றபோது புழுங்கல் அரிசி தின்ற தமிழரை அது அண்டவில்லை என்று கவனித்து 1907இல் எழுதினார். பிளெச்சர் என்ற மருத்துவர் கோலாலம்பூர் மனநோய் விடுதியில் இரண்டு அரிசியையும் தனித்தனியே கொடுத்துப் பார்த்து அதையே கண்டார். நம் பாட்டிமார் நெல் அவித்த பானையில் அத்தனை பெரிய மருத்துவம் இருந்தது. இந்த நாட்டில் எவரும் அரிசியை வெறும் மாப்பொருளாகப் பார்த்ததில்லை. பங்கீட்டு அரிசியைக் குறைக்கும் அரசு நிற்காது என்பது கொழும்பில் இருந்த எல்லோருக்கும் தெரிந்த உண்மை.

எனவே வாங்க வேண்டும். யாரிடம்?

*

வாஷிங்டனில் கேட்டுப் பார்த்தார்கள். கட்டுப்படியாகும் விலைக்கு அரிசியும் கிடைக்கவில்லை, நியாயமான விலைக்கு இறப்பரும் போகவில்லை. மிஞ்சியது பீக்கிங்.

பீக்கிங்கோடு வியாபாரம் என்பது அன்று நெருப்போடு விளையாட்டு. இறப்பர் போன்ற போர்ப் பொருள்களைச் சீனாவுக்கு அனுப்பக்கூடாது என்று ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 1951 மே 18இல் தீர்மானித்திருந்தது. இலங்கை அப்போது ஐ.நா. உறுப்பு நாடே அல்ல, 1955இல்தான் சேர்ந்தது. தீர்மானம் அதைக் கட்டவில்லை. ஆனால் தடைசெய்த பொருளைக் கம்யூனிச நாட்டுக்கு விற்பவருக்கு அமெரிக்க உதவி கிடையாது என்ற பற்றில் சட்டம் இருந்தது. நிதியமைச்சர் ஜே. ஆர். ஜயவர்தன சீனாவோடு போவதை விரும்பவில்லை. வர்த்தக அமைச்சர் ஆர். ஜீ. சேனாநாயக்க, பிரதமரின் பெரியப்பா மகன், போயே தீருவது என்று நின்றார். போனார். 1952 ஒக்டோபர் 4இல் 80,000 தொன் அரிசிக்கு முதல் உடன்பாடு. டிசம்பர் 18இல் பெரிய ஒப்பந்தம் கையெழுத்தானது. ஐந்தாண்டுக்கு, ஆண்டுதோறும் இலங்கை 50,000 தொன் சீட் இறப்பர் கொடுக்கும். சீனா 270,000 தொன் அரிசி கொடுக்கும். இறப்பருக்குச் சீனா கொடுத்த விலை உலகச் சந்தை விலையைவிடக் கூடுதல்.

50,000 தொன் என்பது தீவு முழுவதும் ஓராண்டில் வெட்டிய பாலில் ஏறக்குறைய பாதி. விலைகள் தனித்தனியேதான் குறிக்கப்பட்டன. ஆனாலும் எடைக்கு எடை வைத்துப் பார்க்க எனக்கு ஆசை. ஒரு கிலோ இறப்பருக்கு எதிரே 5.4 கிலோ அரிசி நிற்கிறது. அந்த ஒரு கிலோவுக்குக் கேகாலை மரம் இரண்டரைக் கிலோவுக்கு மேல் சீனி செலவழித்திருக்கிறது. எதிரே வந்த அரிசியில் நாலே கால் கிலோ மாப்பொருள். மரத்தின் இலை வெயிலில் செய்த சீனி, மனிதன் உண்ண முடியாத இறப்பராகிச் சீனத்துக்குப் போனது. சீனத்து நெல்லின் இலை வெயிலில் செய்த சீனி, மனிதன் உண்ணும் மாப்பொருளாகிக் கொழும்புக்கு வந்தது. 5.4 கிலோ அரிசியில் ஒரு பெரிய ஆள் எட்டு நாள் உயிரோடிருக்கலாம். இந்த நாடு செய்துகொண்ட ஒப்பந்தங்களில் இதற்கு நிகரான நல்ல ஒப்பந்தம் அதிகம் இல்லை. ஆர். ஜீ. சேனாநாயக்கவின் துணிவுக்கு நான் தலைவணங்குகிறேன்.

அதோடு ஒன்றையும் சொல்லாமல் விட மாட்டேன். அந்த இறப்பரில் எவ்வளவோ பங்கை வெட்டிய கைகள், நாட்டின் பதிவேட்டில் இல்லாத கைகள். ஒப்பந்தம் கையெழுத்தான அதே 1952இல், குடியுரிமை கேட்டு இலங்கை இந்தியர் காங்கிரஸ் கொழும்பில் மாதக்கணக்கில் சத்தியாக்கிரகம் இருந்தது. நாட்டுக்குச் சோறு வாங்கித் தந்த பாலை வெட்டியவருக்கு அந்த நாட்டில் வாக்கில்லை. ஒப்பந்தத்தைப் போற்றி எழுதும் நூல்களில் அமைச்சரின் பெயர் இருக்கிறது, சீனப் பிரதமர் சூ என்லாயின் பெயர் இருக்கிறது. பால் வெட்டியவரைப் பற்றி ஒரு பத்தியாவது வைத்த நூலை நான் தேடிக்கொண்டேயிருக்கிறேன்.

அமெரிக்கா உதவியை நிறுத்தியது. அது எதிர்பார்த்ததுதான். எதிர்பாராத இடத்தில் இன்னோர் அடி விழுந்தது. இறப்பர்த் தோட்டங்களுக்கு வேண்டிய கந்தகத்தின் ஏற்றுமதியையும் அது மறித்தது.

*

கந்தகம் போனால் என்ன என்று பட்டணத்தில் இருந்தவர்கள் கேட்டிருக்கலாம். தோட்டத்தில் இருந்தவர் கேட்க மாட்டார்.

தை, மாசியில் இறப்பர் மரம் இலை உதிர்க்கும். கேகாலை மலைகள் சில வாரம் மொட்டையாகக் கிடக்கும். பிறகு செப்பு நிறத்தில் தளிர் விடும். அந்தத் தளிர் பச்சையாகி முற்றும்வரை மரத்துக்கு வருமானமே இல்லை. தண்டிலும் வேரிலும் சேர்த்த மாப்பொருளைச் சீனியாக்கித்தான் புது இலையைக் கட்டுகிறது. அந்த இளந்தளிரைக் குறிபார்த்து ஒயிடியம் என்ற பங்கசு வருகிறது. வெள்ளைப் பொடி பூத்தாற்போல் இலையில் படரும். தளிர் சுருங்கி உதிரும். மரம் மறுபடி சேமிப்பில் கைவைத்து இரண்டாம் முறை தளிர் விடும். அதையும் பங்கசு பிடித்தால் மூன்றாம் முறைக்குச் சேமிப்பு போதாது. இலை இல்லாவிட்டால் சீனி இல்லை. சீனி இல்லாவிட்டால் பால் இல்லை.

இதற்குத் தோட்டங்கள் கண்ட மருந்து கந்தகத் தூள். காற்றசையாத விடியற்காலையில் பொறி வைத்து மரத்தலைக்கு மேலே ஊதுவார்கள். அந்தத் தூள் வரும் வழியைத்தான் அமெரிக்கா அடைத்தது. சீனத்து அரிசிக்கு ஈடாகக் கொடுக்க ஒப்புக்கொண்ட 50,000 தொன்னும் கேகாலை, களுத்துறை, இரத்தினபுரி மரங்களின் தளிரில் தொங்கியது.

ஆனால் ஒப்பந்தம் முறியவில்லை. இறப்பர் போனது, அரிசி வந்தது. 1957இல் புதுப்பித்தார்கள், அதன் பிறகும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை புதுப்பித்து, மொத்தம் முப்பது ஆண்டு ஓடியது.

அப்படியானால் 1953இல் நாடு சோற்றுக்குக் கவலைப்படாமல் இருந்திருக்க வேண்டும். அரிசி துறைமுகத்துக்கு வந்துகொண்டுதான் இருந்தது. ஆனால் அரிசி வருவது ஒன்று, அது கூப்பன் விலைக்குக் கிடைப்பது வேறு. 1953 ஜூலையில் டட்லி சேனாநாயக்க அரசு மானியத்தை வெட்டியது. 25 சதம் விற்ற ஒரு கொத்துப் பங்கீட்டு அரிசி 70 சதமானது. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் இலவசப் பகலுணவும் நின்றது. ருவான்வெல்லத் தொகுதியின் உறுப்பினர், 1934-35 மலேரியாக் கொள்ளையில் கேகாலைக் கிராமங்களுக்குப் பருப்புச் சுமந்துபோய்ப் பருப்பு மகாத்தயா என்று பெயர் வாங்கிய என். எம். பெரேரா, தன் தோழர்களோடு நாட்டைக் கடையடைப்புக்கு அழைத்தார்.

1953 ஓகஸ்ட் 12 விடிந்தது. தண்டவாளங்கள் பெயர்ந்தன, வீதிகளில் மரங்கள் விழுந்தன, துப்பாக்கிகள் வெடித்தன. இலங்கையின் அமைச்சரவை தரையில் கூட அஞ்சி, கொழும்புத் துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த எச்.எம்.எஸ். நியூபவுண்ட்லாந்து என்ற பிரித்தானியப் போர்க்கப்பலில் ஏறியது.

கப்பலுக்குள் என்ன முடிவெடுத்தார்கள், ஒக்டோபரில் பதவி விலகியது யார் என்பதை அடுத்த வாரம் பார்ப்போம்.

(தொடரும்)